பக்கத்து ஜிம்மா, தூரத்து இலவசக் கூடமா?

(குடுமியான்மலையில் நம் அறக்கட்டளை நடத்திய உடல்நலக் கூட்டத்தில், நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





அறக்கட்டளைக்கு மருத்துவச் செலவுக்கும் படிப்புச் செலவுக்கும் உதவி கேட்டு மனுக்கள் வருவது வழக்கம். இப்போது புதிதாக ஒரு கோரிக்கை வருகிறது. "ஜிம்முக்குப் பணம் கட்ட உதவுங்கள்" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். "டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொல்லிவிட்டார், எங்கே போவது?" என்று சர்க்கரை நோய் உள்ளவர்கள் கேட்கிறார்கள். "டவுனில் காசில்லாமல் செய்ய இடம் இருக்கும்போது பணம் கட்டிச் செய்வது வீண்விரயம் இல்லையா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். "அவ்வளவு தூரம் தினமும் யாரால் போக முடியும்?" என்று பிள்ளைகள் திருப்பிக் கேட்கிறார்கள்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதனால் யார் பக்கம் பேசுவது என்று பார்க்காமல், கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம் என்று தீர்மானித்தோம். அந்தக் கணக்கைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில், இது பொழுதுபோக்குப் பேச்சு அல்ல என்பதைச் சொல்லிவிடுகிறோம். 2023ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. இந்திய அளவில் பெரியவர்களில் 11.4 விழுக்காடு. தமிழ்நாட்டில் 14.4 விழுக்காடு. அதாவது ஏழு பேரில் ஒருவர். இந்தக் கூட்டத்தில் வரிசைக்கு ஏழு நாற்காலி போட்டிருக்கிறோம். எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட கணக்கு இன்னொன்று சொல்கிறது. இந்தியாவில் பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் போதிய அளவு உடலை அசைப்பதில்லை. ஆண்களில் 42 விழுக்காடு, பெண்களில் 57 விழுக்காடு. நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிப் பதிவேட்டில் டயாலிசிஸுக்குப் போகிறவர்களும் கால்விரலை எடுக்க நேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் சர்க்கரையைப் பல வருடம் கவனிக்காமல் விட்டவர்கள். அந்த நிலைக்கு வந்தபின் நாம் கொடுக்கும் உதவி ஒரு மாதத்துக்குக்கூடப் போதுவதில்லை. அதற்கு முன்பே செய்யக்கூடிய உதவி என்ன என்பதுதான் எங்கள் கவலை.

சரி, கணக்குக்கு வருவோம்.

நடந்து போகும் தூரத்தில் ஒரு ஜிம் இருக்கிறது, மாதம் 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புதுக்கோட்டையில் கட்டணம் இல்லாத ஒரு கூடம் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். இங்கிருந்து புதுக்கோட்டை சுமார் 20 கிலோமீட்டர். போய்வர 40. பைக் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்தால் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்குமேல் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று பார்த்தால் போய்வரச் செலவு 80 ரூபாய். வாரத்துக்கு நான்கு நாள் வீதம் மாதத்துக்கு 16 நாள் போனால் 1,280 ரூபாய். ஆக, இலவசக் கூடத்துக்கு 1,280. கட்டணக் கூடத்துக்கு 800.

பெட்ரோல் பங்கில் கொடுக்கும் பணம் ஜிம் கட்டணமாக நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் அதை இலவசம் என்கிறோம். அது மட்டுமல்ல. மாதம் 640 கிலோமீட்டர் வண்டி ஓட வேண்டும். போகவர ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரத்துக்குமேல் சாலையில் கழியும். இஷாவுக்குப் பிறகு கிளம்பி, களைத்த உடம்போடு இருட்டில் திரும்பி வரும் பிள்ளைக்காக வீட்டில் தாய் விழித்திருக்க வேண்டும். பயிற்சி முடிந்த கையோடு ஹெல்மெட் இல்லாமல் வேகமாக வரும் பிள்ளைகளை நாம் பார்க்காமல் இல்லை. உடல்நலத்துக்காகப் போகிற பயணம் ஆஸ்பத்திரியில் முடிந்துவிடக் கூடாது.

இதைக் கேட்டதும் "அப்படியானால் பக்கத்து ஜிம்மே லாபம்" என்று இளைஞர்கள் கைதட்டலாம். கொஞ்சம் பொறுங்கள். 800 ரூபாய் கட்டி 16 நாள் போனால் ஒரு நாளைக்கு 50 ரூபாய். எட்டு நாள் போனால் 100 ரூபாய். நான்கே நாள் போனால் 200 ரூபாய். பணம் கட்டியாயிற்று என்பது வேறு, போனோம் என்பது வேறு.

இது நம் ஊர்ப் பிள்ளைகளின் சோம்பல் மட்டும் அல்ல. அமெரிக்காவில் டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களில் 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவை ஆராய்ந்து 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்குமேல் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதம் நான்கு முறைக்குச் சற்று அதிகமாகத்தான் வந்தார்கள். வந்த ஒவ்வொரு முறைக்கும் 17 டாலருக்குமேல் கொடுத்ததாகக் கணக்கு வந்தது. பத்து வருகைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு முறைக்கு 10 டாலரில் முடிந்திருக்கும். சேரும்போது "இனி அடிக்கடி வருவேன்" என்று பலர் நம்பியிருக்கலாம்.

ஆகவே உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மாதக் கட்டணத்தைப் பார்க்காதீர்கள், வருகைக் கட்டணத்தைப் பாருங்கள். மாதச் செலவை, உண்மையில் போன நாட்களால் வகுங்கள். நாம் போட்ட கணக்கில் பத்து நாள்தான் எல்லைக்கோடு. மாதம் பத்து நாளுக்குமேல் போகிறவருக்குப் பக்கத்து ஜிம் மலிவு. அதற்குக் குறைவாகப் போகிறவருக்குத் தூரத்துக் கூடம் மலிவு. உங்கள் பைக்குக்கும் உங்கள் ஜிம் கட்டணத்துக்கும் ஏற்ப இந்த எல்லைக்கோடு மாறும். ஒரு துண்டுத்தாளில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

அடுத்ததாக, தூரம் என்பதைப் பற்றி. தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் அளக்கக் கூடாது. அந்த இடம் நம் வழியில் இருக்கிறதா, வழியை விட்டு விலகி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதுக்கோட்டையில் கல்லூரியில் படிக்கிற மாணவரும் கடையில் வேலை பார்க்கிற தம்பியும் எப்படியும் தினமும் அங்கே போகிறார்கள். அவர்களுக்கு அந்த 20 கிலோமீட்டர் புதிய செலவு அல்ல. வேலை முடிந்து பஸ் ஏறுமுன் முக்கால் மணி நேரம் கூடத்தில் செலவிட்டால், அது அவர்களுக்கு உண்மையிலேயே இலவசம். ஊரிலேயே வயலிலோ கடையிலோ இருப்பவருக்கு அதே இடம் மாதம் 1,280 ரூபாய். ஒரே இடம் ஒருவருக்கு இலவசமாகவும் அடுத்த வீட்டுக்காரருக்குச் செலவாகவும் இருக்கிறது. ஆகையால் அடுத்த வீட்டுக்காரர் எடுத்த முடிவை நாம் அப்படியே எடுக்க வேண்டியதில்லை.

"அப்படியானால் நடுவில் இருக்கிற எங்களுக்கு என்ன வழி?" என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதற்கு உதவுகிறது. பெரியவர் ஒருவருக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை ஓரளவு மூச்சு வாங்கும்படியான நடை போன்ற உழைப்பு வேண்டும். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும். 65 வயதைக் கடந்தவர்களுக்குத் தடுமாறி விழாமல் இருக்கச் சமநிலைப் பயிற்சியும் வாரம் மூன்று நாள் வேண்டும்.

இதைக் கவனமாகக் கேளுங்கள். முதல் பகுதிக்கு ஜிம் தேவையே இல்லை. சுபுஹுத் தொழுகை முடிந்து வெயில் ஏறுவதற்குள் 30 நிமிடம் வேகமாக நடந்தால், வாரம் ஐந்து நாளில் 150 நிமிடம் வந்துவிடும். கருவிகளும் பயிற்சியாளரும் உதவுவது வலுவூட்டும் பயிற்சிக்குத்தான். அதற்கு வாரம் இரண்டு நாள் போதும். மாதத்துக்கு எட்டு நாள். தூரத்துக் கூடத்துக்கு எட்டு நாள் போய்வர 640 ரூபாய். ஒரே பைக்கில் இரண்டு பேர் சேர்ந்து போனால் ஆளுக்கு 320 ரூபாய். "உங்களுக்காகக் காத்திருக்கிறேன்" என்று ஒருவர் வாசலில் நிற்கும்போது படுத்துக் கிடக்கவும் மனம் வராது.

அந்த இரண்டு நாளும் போக முடியாதவர்கள் வீட்டிலேயே தொடங்கலாம். தண்டாலும் பஸ்கியும் நம் பாட்டனார் காலத்திலிருந்து இருப்பவை. இளவட்டக்கல்லுக்கும் கர்லாக்கட்டைக்கும் யாரும் மாதச் சந்தா கட்டியதில்லை. முட்டிவலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாலே தொடைக்குப் பயிற்சி. தரையில் தண்டால் எடுக்க முடியாதவர்கள் சுவரில் கையூன்றி எடுக்கலாம்.

தாய்மார்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. 57 விழுக்காடு என்று முன்பு சொன்னோமே, அந்த எண்ணுக்குப் பின்னால் இடமின்மை இருக்கிறது. பக்கத்து ஜிம்மில் பெண்களுக்கு நேரம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். தூரத்துக் கூடத்தில் மறைவு இருக்காது. 2021 மே மாதம் முதல் அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தை யாரும் திருப்பித் தருவதில்லை. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் உலை வைக்க வேண்டும்.

இதற்கு ஒரு யோசனை. ஜிம்கள் அதிகாலையிலும் மாலையிலும்தான் நிறைந்திருக்கும். காலை 10 மணிக்குமேல் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். பத்துப் பெண்கள் சேர்ந்து, "வாரம் மூன்று நாள் 10 மணி முதல் 11.30 வரை பெண்களுக்கு மட்டும் ஒதுக்குங்கள், பெண் பயிற்சியாளர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள், கட்டணத்தில் குறையுங்கள்" என்று கேட்டால், காலியாகக் கிடக்கும் நேரத்துக்கு வரவு வருகிறதே என்று உரிமையாளர் யோசிப்பார். தனியாகக் கேட்டால் மறுத்துவிடக்கூடும். பத்துப் பேராகக் கேளுங்கள். பேச்சுக்குத் துணையாக நாங்கள் வருகிறோம்.

பணம் கட்டிச் சேருவது என்று முடிவு செய்தவர்கள் சிலவற்றைக் கவனியுங்கள்.

வருடக் கட்டணம் கட்டினால் பாதி விலை என்பார்கள். முதல் இரண்டு மாதம் மாதாமாதம் கட்டிப் பாருங்கள். போய்ப் பழகிய பிறகு வருடத்துக்குக் கட்டலாம்.

ரமலான் மாதத்தில் நம்மில் பலர் ஜிம்முக்குப் போவதில்லை. வருடச் சந்தாவில் அந்த மாதமும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஒரு மாதத்தை நிறுத்திவைத்துப் பின்னால் நீட்டித் தருவார்களா என்று சேரும் முன்பே கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள்.

ஜிம் கட்டணத்துக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறிய ஜிம்கள் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர்கள் அந்த வரியை வாங்கவும் கூடாது. பில் கேளுங்கள். நியாயம் கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

புரத மாவு, ஊசி, மாத்திரை என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். சாதாரணமாக ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்கும் சற்றுக் குறைவாகப் புரதம் இருந்தால் போதும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. முட்டை, மீன், சுண்டல், பருப்பு, பால் ஆகியவற்றில் அது கிடைக்கும். தசை ஊதுவதற்காகப் போடும் ஸ்டீராய்டு ஊசி இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும், ஆண்மையையும் பாதிக்கும். 800 ரூபாய்க் கணக்கு போட்டோமே, இந்தக் கணக்கு அதைவிடப் பெரியது.

சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்ட பிறகே கனமான எடை தூக்க வேண்டும். சர்க்கரையால் கண்ணில் ரத்தக் கசிவு உள்ளவர்கள் எடையைத் தொடவே வேண்டாம், முதலில் கண் டாக்டரைப் பாருங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ வைத்திருங்கள். திடீர் வியர்வையும் கைநடுக்கமும் வந்தால் நிறுத்திவிட்டு அதைச் சாப்பிடுங்கள். வெறுங்காலோடு நடக்காதீர்கள். நெஞ்சு இறுக்கிப் பிடித்தால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காமல் உடனே 108க்கு அழையுங்கள்.

தூரத்து இலவசக் கூடம் பற்றிப் பேசினோம். அதை ஏன் பக்கத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்றும் கேட்க வேண்டும். 2016இல் தமிழக அரசு, கூடம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய் செலவில் 500 கிராம ஊராட்சிகளில் உடற்பயிற்சிக் கூடங்கள் அமைப்பதாக அறிவித்தது. 2024இல் கிராம ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வழங்கத் தொடங்கியது. அதில் 33 வகைப் பொருட்கள் உண்டு. நம் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊராட்சியில் கூடம் இருக்கிறது, சாவி யாரிடம், எந்த நேரம் திறக்கிறார்கள், உபகரணங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்பது நம் உரிமை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. அங்கே எழுந்து கேளுங்கள். முஸ்லிம் தெரு மட்டும் கேட்காமல் ஊரே சேர்ந்து கேட்க வேண்டும். உடம்பு எல்லோருக்கும் ஒன்றுதான்.

நம் குடுமியான்மலைப் பாறையில் இருக்கும் இசைக் கல்வெட்டைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். ஏழு, எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணிக்கப்பட்ட அந்தக் கல்வெட்டில் இருப்பவை கற்பவர்களின் நலனுக்காகப் பொறித்த பயிற்சிக் கோவைகள். மறுபடி மறுபடி செய்து பழகுவதற்கென்று ஒருவர் கல்லில் எழுதிவைத்த ஊர் இது. பயிற்சி என்பது தினசரி வேலை என்பதை இந்த ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி அறக்கட்டளையின் முடிவைச் சொல்கிறோம்.

ஜகாத் நிதியிலிருந்து ஜிம் கட்டணத்துக்கு ஒரு ரூபாயும் எடுக்க மாட்டோம். அது உரியவர்களுக்கு மட்டுமே போய்ச் சேர வேண்டிய அமானிதம். பொது நன்கொடையிலிருந்து ஒரு சிறு தொகையை ஒதுக்கியிருக்கிறோம். டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு உள்ளவர்களுக்கும் வசதி குறைந்தவர்களுக்கும் முன்னுரிமை. முதல் மாதக் கட்டணத்தை அவர்களே கட்ட வேண்டும். அந்த மாதத்தில் பத்து நாளுக்குமேல் போனதாக வருகைப் பதிவைக் காட்டினால் இரண்டாம் மாதத்தில் பாதியை நாம் தருவோம். இலவசக் கூடத்துக்குப் போகிறவர்களை ஒதுக்கிவிடவில்லை. அவர்கள் வாரம் இரண்டு நாள் போய்வந்ததற்கு அடையாளம் காட்டினால் பயணச் செலவில் பாதியைத் தருவோம். வருடச் சந்தாவுக்கு யாருக்கும் உதவி இல்லை.

"மாணவர்களுக்கு ஏன் முழுத் தொகையும் தரக் கூடாது?" என்று நிர்வாகக் குழுவிலேயே கேட்டார்கள். டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு முறை ஆட்டோ பிடித்துப் போகிறவரின் மனுவும் இதே மேசையில்தான் இருக்கிறது. போகாத ஜிம்முக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் அவர் கையிலிருந்து எடுத்ததாகும். பிள்ளைகள் இதைப் புரிந்துகொள்வார்கள் என்று நம்புகிறோம்.

நடைக்குழு வரும் சனிக்கிழமை சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் முன்பிருந்து புறப்படும். பெண்களுக்கான குழு தனியாக, அதே நேரத்தில் இன்னொரு வழியில் நடக்கும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறோம். ஜிம் உதவி வேண்டுபவர்கள் மனுவோடு அந்தத் துண்டுத்தாள் கணக்கையும் இணைத்துத் தாருங்கள். எவ்வளவு தூரம், எத்தனை நாள், ஒரு முறைக்கு எவ்வளவு என்ற மூன்று வரி போதும்.

வல்ல இறைவன் நம் அனைவருக்கும் நோயற்ற வாழ்வையும், கொடுத்த உடம்பைப் பேணும் மனத்தையும் தந்தருள்வானாக. வஸ்ஸலாம்.